நீர் செலுத்தும் எண்ணெய் வயலில் கிணறு இறைக்கும் முறை

குமரி மாவட்டத்தின் நிலப்பரப்பில் எண்ணெய்க் கிணறு எதுவும் கிடையாது. இருந்தாலும் மார்த்தாண்டத்திலோ கருங்கலிலோ தக்கலையிலோ ஏதேனும் ஒரு தெருவில் நின்று விசாரித்தால், ஓமானிலோ குவைத்திலோ சவூதியிலோ எண்ணெய் வயலில் பத்து, இருபது ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய ஒருவரையாவது காணலாம். அவர்களில் நானும் ஒருவன். ஆப்பரேட்டர் வேலைக்குப் புறப்படும் எங்கள் ஊர்ப் பையன்கள் விசா வந்ததும் என்னிடம் வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வால்வுகளையும் பாதுகாப்புச் சான்றிதழ்களையும் பற்றியவை. பயிற்சி மையங்களில் அவற்றைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் பழைய வயல் ஒன்றில் வேலைக்குச் சேருகிறவர் அங்கே காணப்போவது தானாகப் பொங்கி வரும் எண்ணெயாக இருக்காது. ஒரு கிணற்றில் நீரை உள்ளே செலுத்தி, பக்கத்துக் கிணற்றில் நீரும் எண்ணெயும் கலந்து வருவதை இறைத்தெடுக்கும் வேலைதான் அவருக்குக் காத்திருக்கும். அந்தக் கிணற்றை எப்படி இறைப்பது, இறைக்கும்போது எதைக் கவனிப்பது என்பதைத் தலையாட்டிக்கொண்டு நிற்கும் பீம் பம்பை முன்வைத்துச் சொல்கிறேன். ஈஎஸ்பி எனப்படும் மூழ்கு பம்பைப் பற்றிப் பின்னால் சிறிது சொல்வேன்.

எண்ணெய் ஏன் கிணற்றைத் தேடி வருகிறது

புதிதாகத் தோண்டிய கிணற்றில் எண்ணெயை மேலே தள்ளுவது பாறைக்குள் இருக்கும் அழுத்தம். எண்ணெயில் கரைந்துள்ள வாயு, அழுத்தம் குறையும்போது குமிழியாகப் பிரிந்து விரிந்து எண்ணெயைத் தள்ளுகிறது. வாயு தீர்ந்துபோனால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. இந்த வாயுவை மட்டுமே நம்பியிருக்கும் வயல்களில் பாறையிலுள்ள எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குகூட வெளியே வராமல் முதற்கட்டம் முடிந்துபோவது வழக்கம். மீதியை எடுக்கத்தான் சில கிணறுகளை உட்செலுத்தும் கிணறுகளாக மாற்றி, அவற்றின் வழியே நீரை அனுப்புகிறார்கள். நீர் பாறையின் நுண்துளைகளில் புகுந்து எண்ணெயை முன்னால் தள்ளிக்கொண்டு உற்பத்திக் கிணறுகளை நோக்கி நகர்கிறது. நான்கு மூலையில் நான்கு கிணறுகளும் நடுவில் ஒன்றுமாக அமைக்கும் ஐம்புள்ளி அமைப்பு மிகப் பழையது. வயலின் ஓரத்தில் மட்டும் நீரைச் செலுத்தும் முறையும் உண்டு. சவூதியின் கவார் வயலில் ஓரத்திலிருந்துதான் செலுத்துகிறார்கள். அதற்கான கடல்நீர் குரையா என்னும் கடற்கரை நிலையத்திலிருந்து வருகிறது. நம் நாட்டில் மும்பை ஹை வயலிலும் கடல்நீரைச் செலுத்துகிறார்கள். ராஜஸ்தானின் மங்களா வயலில் எண்ணெய் மெழுகுத்தன்மை மிகுந்தது. குளிர்ந்தால் உறைந்துவிடும் என்பதால் நீரைச் சூடாக்கி அனுப்புகிறார்கள்.

இந்த முறையை யாரும் அறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பழைய கிணறுகளின் உறைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி, மேல்மட்டத்து நீர் எண்ணெய்ப் பாறைக்குள் இறங்கியபோது பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கூடியதை மக்கள் கண்டார்கள். நீர் எண்ணெயைத் தள்ளக்கூடும் என்று ஜான் கார்ல் என்ற நிலவியலாளர் 1880இல் எழுதினார். ஆனால் எண்ணெய்ப் பாறைக்குள் நீரை விடுவது அங்கே சட்டவிரோதமாக இருந்தது. 1921இல் அந்தச் சட்டம் மாற்றப்படும் வரை பிராட்ஃபோர்டு வயலில் பலர் இரவோடிரவாகக் குழாயை ஓட்டை செய்து நீரை இறக்கியிருக்கிறார்கள்.

பாறையிலிருந்து கிணற்றுக்குள் எண்ணெய் வரும் வேகம், பாறையின் அழுத்தத்துக்கும் கிணற்றின் அடியிலுள்ள அழுத்தத்துக்கும் இடையேயான வித்தியாசத்தைப் பொறுத்தது. பாறையின் அழுத்தத்தை உட்செலுத்தும் நீர் பார்த்துக்கொள்கிறது. கிணற்றின் அடியழுத்தம் ஆப்பரேட்டரின் கையில் இருக்கிறது. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்று நம் வீட்டுக் கிணற்றைப் பார்த்துச் சொன்ன சொல் இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். கிணற்றில் திரவம் உயர்ந்து நின்றால் அதன் எடையே ஊற்றை அடைத்துவிடும். ஆகவே நீர் செலுத்தும் வயலில் ஆப்பரேட்டருக்குள்ள முதல் வேலை, கிணற்றில் நிற்கும் திரவத்தைப் பம்பின் வாய்க்கு அருகில் வரை இறக்கி, இறங்கிய நிலையிலேயே இரவும் பகலும் வைத்திருப்பது. மற்ற எல்லா வேலைகளும் இதற்குத் துணை வேலைகள்.

நீர் நிரம்பும் காலமும் அதன் பின்பும்

ஜூன் மாதத்தில் கன்னிப்பூ சாகுபடிக்காகப் பேச்சிப்பாறை அணையைத் திறந்தவுடன் அனந்தனார் சானலின் கடைவரம்பில் நீர் வந்துவிடுவதில்லை. வறண்டு கிடந்த சானல் முதலில் தான் குடிக்கும். வழியிலுள்ள குளங்கள் நிரம்பும். அதன்பிறகே கடைசி வயலுக்கு முறை வரும். பாறையிலும் அதுவே நடக்கிறது. முதற்கட்டத்தில் எண்ணெய் வெளியேறிய இடங்களில் வாயு நிரம்பியிருக்கிறது. செலுத்தும் நீர் முதலில் அந்த வாயுவின் இடத்தை நிரப்புகிறது. வாயு அமுங்கி மீண்டும் எண்ணெயில் கரைகிறது. இந்தக் காலத்தில் உற்பத்திக் கிணற்றில் எந்த மாற்றமும் தெரியாது. மாதக்கணக்கில், சில வயல்களில் அதற்கும் மேலாக இந்த நிலை நீடிக்கும். திட்டம் தோற்றுவிட்டது என்று முகாமில் பேச்சு எழுவதும் இப்போதுதான். அதற்குக் காது கொடுக்க வேண்டியதில்லை.

நிரம்பி முடியும் தறுவாயில் கிணறு தானே அறிகுறி காட்டும். கேசிங்கில், அதாவது கிணற்றின் வெளிச்சுவரான உறைக்குழாயில், வரும் வாயு குறையும். முன்பு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினாலே வற்றிவிட்ட கிணறு, எட்டு மணி நேரம் ஓடியும் வற்றாது. திரவ மட்டம் ஏறத் தொடங்கும். எண்ணெயின் அளவு உயரும். நீர் இன்னும் வந்திருக்காது. ஒரு கிணற்றின் வாழ்வில் மிக விலைமதிப்புள்ள காலம் இதுவே. இந்தக் காலத்தில் பம்பை டைமரில் விட்டுவிட்டுப் பழைய ஆறு மணி நேரக் கணக்கிலேயே ஓட்டுவது மன்னிக்க முடியாத பிழை. முதல் அறிகுறி தெரிந்த நாளிலேயே டைமரை எடுத்துவிட்டு இருபத்துநான்கு மணி நேரமும் ஓட விட வேண்டும். அதுவும் போதாவிட்டால் வேகத்தையோ வீச்சின், அதாவது பம்பு ஒருமுறை ஏறி இறங்கும் தூரத்தின், நீளத்தையோ கூட்ட வேண்டும். அதற்கும் மேல் தேவையென்றால் பெரிய பம்பை இறக்கச் சொல்லி எழுத வேண்டும்.

நாம் இறைக்காவிட்டால் அந்த எண்ணெய் பாறையில்தானே இருக்கும், அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். முதற்கட்டத்தில் அந்த வாதம் ஓரளவு செல்லும். நீர் செலுத்தும் வயலில் செல்லாது, ஏனென்றால் பின்னாலிருந்து நீர் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இங்கே வழி அடைபட்டால் எண்ணெய் வேறு பக்கம் திரும்பி, கிணறே இல்லாத இடத்தில் போய்த் தங்கிவிடக்கூடும். இன்னொரு கேடும் உண்டு. ஒரே கிணறு பல பாறை அடுக்குகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். அவற்றில் ஓர் அடுக்கில் நீர் முன்னதாக வந்து அழுத்தம் ஏறியிருக்கும், மற்றோர் அடுக்கு இன்னும் அழுத்தம் குறைந்து எண்ணெயோடு இருக்கும். பம்பு நின்று திரவம் ஏறினால், அழுத்தம் கூடிய அடுக்கின் நீர் கிணற்றின் வழியாகவே எண்ணெய் அடுக்குக்குள் புகுந்துவிடும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மோட்டாருக்கு மாற்று உறுப்பு வரவில்லை என்று மூன்று கிணறுகளைப் பதினொரு நாள் நிறுத்தி வைத்தார்கள். மீண்டும் ஓட்டியபோது ஒன்று பழைய நிலைக்குத் திரும்பியது. மற்ற இரண்டும் வெறும் நீரை வாரக்கணக்கில் கொட்டிவிட்டு, பிறகும் பழைய எண்ணெய் அளவில் பாதியைத்தான் தந்தன. அந்த உறுப்பின் விலை இரண்டு நாள் எண்ணெயின் விலைக்குக்கூட ஈடாகாது.

திரவ மட்டத்தை அளப்பது

திரவ மட்டத்தை ஊகிக்கக் கூடாது; அளக்க வேண்டும். எக்கோமீட்டர் என்னும் கருவியைக் கேசிங் வால்வில் பொருத்தி ஒரு வாயு வெடியொலியை உள்ளே அனுப்பினால், அது டியூபிங் எனப்படும், எண்ணெய் மேலே வரும் உட்குழாயின் ஒவ்வோர் இணைப்பிலும் சிறிதாக எதிரொலித்து, திரவத்தின் மேற்பரப்பில் பட்டுப் பெரிதாகத் திரும்பி வரும். வரைபடத்தில் சிறு எதிரொலிகளை எண்ணி, ஒரு டியூபிங் துண்டின் சராசரி நீளத்தால் பெருக்கினால் ஆழம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, பம்பு 3,000 அடியில் இருக்கிறது. டியூபிங் துண்டின் சராசரி நீளம் 31 அடி. 71 எதிரொலிகளுக்குப் பின் பெரிய எதிரொலி வருகிறது என்றால், திரவம் ஏறத்தாழ 2,200 அடியில், அதாவது பம்புக்கு மேல் 800 அடி உயரத்துக்கு நிற்கிறது.

இந்த 800 அடியின் விலை என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள். பம்பு சீராக ஓடும் கிணற்றில், நீர் கீழே பம்பின் வாய்க்குப் போய்விட, கேசிங்குக்கும் டியூபிங்குக்கும் இடையே பம்புக்கு மேலே நிற்பது பெரும்பாலும் எண்ணெய். அது அடிக்கு 0.36 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) அழுத்தம் தருவதாகக் கொண்டால், 800 அடிக்கு 288 பிஎஸ்ஐ. கேசிங்கில் வாயு 40 பிஎஸ்ஐ இருந்தால், கிணற்றின் அடியில் மொத்தம் 328 பிஎஸ்ஐ. பாறையின் அழுத்தம் 900 என்றால், எண்ணெயை இழுப்பதற்கு மீதமிருப்பது 572. திரவத்தைப் பம்புக்கு மேல் 100 அடி மட்டுமே நிற்கும்படி இறக்கிவிட்டால் அடியழுத்தம் 76 ஆகி, இழுப்பு 824 ஆகிறது. பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, குழாயில் எண்ணெய் வந்துகொண்டுதான் இருக்கிறது என்று திருப்தியாக இருக்கும் ஆப்பரேட்டர், அந்தக் கிணறு தரக்கூடியதில் முப்பது சதவீதத்தை நாள்தோறும் உள்ளேயே விட்டுவிடுகிறார். பெரும்பாலான வயல்களில் நான் கண்ட இழப்பு இந்த வகைதான். எந்த அறிக்கையிலும் பழுது என்று பதிவாகாத இழப்பு.

திரவத்தில் வாயு நுரைத்திருந்தால் எதிரொலி காட்டும் உயரம் உண்மையை விட அதிகமாக இருக்கும். கேசிங் வால்வைச் சிறிது நேரம் மூடி வைத்து, அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தால் நுரையின் அளவு பிடிபடும். அளந்து முடித்ததும் அந்த வால்வைத் திறக்க மறந்துவிடாதீர்கள். கேசிங் வாயு, ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் செக் வால்வின் வழியாக, எண்ணெயை நிலையத்துக்குக் கொண்டுபோகும் ஃப்ளோ லைனுக்குத் தடையின்றிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். கேசிங்கில் தேங்கும் ஒவ்வொரு பிஎஸ்ஐயும் பாறையின் முகத்தில்தான் போய் அழுத்துகிறது. புதுப் பொறுப்பு ஏற்றால் முதல் வாரத்தில் எல்லாக் கிணறுகளின் கேசிங் செக் வால்வுகளையும் சோதியுங்கள். மெழுகோ, ஸ்கேல் எனப்படும் உப்புப் படிவோ படிந்து ஒட்டிக்கொண்டவை ஒன்றிரண்டு நிச்சயம் அகப்படும்.

பம்பின் அளவும் வேகமும்

பீம் பம்பு ஒரு நாளில் எவ்வளவு தள்ளும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பம்பின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து அதன் வர்க்கத்தையும், வீச்சின் நீளத்தை அங்குலத்திலும், நிமிடத்துக்கு எத்தனை வீச்சு என்பதையும் பெருக்கி, 0.1166ஆல் பெருக்கினால் நாளொன்றுக்குப் பேரல் கணக்கு கிடைக்கும். ஒரு பேரல் என்பது சுமார் 159 லிட்டர். இரண்டு அங்குலப் பம்பு, 74 அங்குல வீச்சு, நிமிடத்துக்கு எட்டு என்றால் 276 பேரல். வால்வுக் கசிவு, வாயு, மேலே ஆடும் பீமையும் அடியிலுள்ள பம்பையும் இணைக்கும் ராடு என்னும் இரும்புத் தண்டின் நீட்சி எல்லாம் போக, எண்பது சதவீதம் கிடைத்தால் நல்ல பம்பு. அதாவது 220 பேரல். அளந்த உற்பத்தி இதற்கு மிகக் கீழே இருந்து, திரவ மட்டமும் உயர்ந்து நின்றால் பழுது பம்பிலோ டியூபிங்கிலோ இருக்கிறது. உற்பத்தி குறைவாகவும் திரவ மட்டம் பம்பின் அருகிலும் இருந்தால், பம்பு குற்றமற்றது. பாறை அவ்வளவுதான் தருகிறது, அல்லது உட்செலுத்தும் கிணற்றில் கோளாறு. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் பம்பை வெளியே இழுத்துப் பணத்தை வீணாக்கியவர்கள் பலர்.

கூடுதலாக இறைக்க வேண்டிவரும்போது, முதலில் வீச்சின் நீளத்தைக் கூட்டிப் பார்ப்பதே என் விருப்பம். நீண்ட வீச்சும் மெதுவான ஓட்டமும் ராடுகளின் ஆயுளைக் காக்கும். வேகத்தைக் கூட்டினால், ஒவ்வொரு திருப்பத்திலும் ராடு உதறும் உதறல் கூடும். பெரிய பம்பை இறக்கினால் உற்பத்தி கூடும் அதே விகிதத்தில் ராடு சுமக்கும் திரவ எடையும் கூடும்: இரண்டு அங்குலத்திலிருந்து இரண்டேகால் அங்குலத்துக்குப் போனால் இரண்டும் ஏறத்தாழ 27 சதவீதம் உயரும். ராடும் கியர்பாக்ஸும் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

திரவத்தை அடி வரை இறக்க வேண்டும் என்று சொன்னேன். ஆனால் அடியைத் தாண்டிப் போனால் அடி விழும், உண்மையாகவே. பம்பின் உருளை பாதி நிரம்பிய நிலையில் அதனுள் ஏறி இறங்கும் தண்டான பிளஞ்சர் கீழிறங்கி, வெற்றிடத்தைக் கடந்து திரவத்தின் மேல் மோதும் மோதலை ஃப்ளூயிட் பவுண்ட் என்பார்கள். மேலே நின்று, தரைக்கு மேலே தெரியும் ராடின் பளபளப்பான மேல்முனையான பாலிஷ்டு ராடில் கை வைக்காமலே, இறங்கும் வழியில் ஒரு துள்ளல் தெரியும். ராடின் சுமையை அளக்கும் டைனமோமீட்டரின் வரைபடத்தில் பம்பு நிரம்பியிருந்தால் ஏறத்தாழ நீள்சதுரம் வரும். பவுண்ட் இருந்தால் கீழிறங்கும் பக்கத்தில் சுமை தாமதமாக, திடீரென்று விழும். வாயு குறுக்கிட்டால் அதே இடத்தில் வளைந்து மெதுவாக இறங்கும். பவுண்டைத் தொடரவிட்டால் ராடு முறியும், டியூபிங் தேயும். திரவம் வற்றியதை உணரும் பம்ப்-ஆஃப் கன்ட்ரோலர் உள்ள கிணற்றில் அதுவே நிறுத்தி ஓட்டும். இல்லாத கிணற்றில் வேகத்தைச் சிறிது குறைத்து, மிக இலேசான பவுண்ட் எப்போதாவது தெரியும் அளவில் நிறுத்துவது நல்லது. முற்றிலும் பவுண்ட் இல்லாமல் எப்போதும் முழுமையாக நிரம்பி ஓடும் பம்பைக் கண்டால் மகிழாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் மேலே திரவம் நிற்கக்கூடும். எக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு போங்கள்.

நீர் வந்தபின்

ஒரு நாள் நீர் வந்தே தீரும். எளிதில் ஊடுருவக்கூடிய பாறை அடுக்கு வழியாக நீர் முந்திக்கொண்டு ஓடும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் நீர் அதைத் தள்ளாமல் விரல் விரலாகப் புகுந்து முன்னேறும். மாதிரிப் புட்டியில் நீரின் பங்கைப் பார்க்கும்போது ஒரே மாதிரியை நம்பாதீர்கள். எண்ணெயும் நீரும் கட்டிக் கட்டியாக வருவதால், ஒரு நிமிடத்தில் எடுத்தது எண்பது சதவீதம் என்றும் அடுத்த நிமிடத்தில் எடுத்தது ஐம்பது என்றும் காட்டும். சில மணி நேர இடைவெளியில் பல மாதிரிகள் எடுத்துச் சராசரி பாருங்கள். ஒரு கிணற்றின் எண்ணெய், நீர், வாயுவைப் பிரித்து அளக்கும் டெஸ்ட் செபரேட்டரில் முழு இருபத்துநான்கு மணி நேரச் சோதனையே முடிவானது. வரும் நீரின் உப்பையும் சோதிக்க வேண்டும். பாறையின் இயற்கை நீரும் நாம் செலுத்தும் நீரும் உப்பில் வேறுபட்டிருந்தால், குளோரைடு அளவு மாறத் தொடங்கும் நாளே செலுத்திய நீர் வந்து சேர்ந்த நாள்.

நீரின் பங்கு சதவீதமாக எழுதப்படுவதால் அதன் பாரம் பலருக்குப் புலப்படுவதில்லை. 90 சதவீதம் என்றால் ஒரு பேரல் எண்ணெய்க்கு ஒன்பது பேரல் நீர். 95 என்றால் பத்தொன்பது. 98 என்றால் நாற்பத்தொன்பது. 300 பேரல் இறைத்து 30 பேரல் எண்ணெய் எடுத்த கிணறு 95 சதவீதத்தை எட்டியபின், அதே 30 பேரலுக்கு 600 பேரல் இறைக்க வேண்டும். ஓமானின் நிம்ர் வயலில் எண்ணெயோடு வரும் நீர் பன்மடங்கு என்பதால், அதைத் தூய்மைப்படுத்தப் பாலைவனத்தின் நடுவே பரந்த நாணற்படுகைகளை வளர்த்திருக்கிறார்கள். நம் ஊர்க் குளக்கரை நாணல் அங்கே தொழிற்சாலை வேலை செய்கிறது.

நீர் கூடக் கூட இயந்திரத்தில் செய்ய வேண்டிய மாற்றங்கள் உண்டு. நீர் எண்ணெயை விடக் கனமானது. ராடின் சுமை கூடி, அதைச் சமன்செய்ய மறுபக்கம் வைத்திருக்கும் எதிர்ச்சுமை போதாமல் போகும். மோட்டாரின் ஆம்பியரை ஏறும்போதும் இறங்கும்போதும் அளந்து, இரண்டு உச்சங்களும் ஏறத்தாழச் சமமாகும்படி எடைகளை நகர்த்துங்கள். எண்ணெய் இருந்தவரை அதுவே ராடுக்கும், கிணற்றின் வாயில் ராடைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ஸ்டஃபிங் பாக்ஸுக்கும் மசகாக இருந்தது. நீர் அந்த வேலையைச் செய்யாது. ஆகவே ஸ்டஃபிங் பாக்ஸைச் சற்றுத் தளர்த்தி, வெளியிலிருந்து மசகு கொடுத்து, பாலிஷ்டு ராடு சூடாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துருத்தடுப்பு மருந்தின் அளவை எண்ணெய்க்கு ஏற்ப வைத்திருந்தால், அதை நீருக்கு ஏற்ப மாற்றச் சொல்லுங்கள்.

நீர் கூடிவிட்டது, கொட்ட இடமில்லை, தொட்டி நிரம்பிவிட்டது, ஆகவே பம்புகளை மெதுவாக ஓட்டு என்று ஒரு மேலாளர் என்றாவது சொல்வார். எனக்கும் சொன்னார்கள்; நானும் ஓட்டினேன், வேறு வழி இல்லை. அப்படி ஓட்ட வேண்டி வந்தால், எல்லாக் கிணறுகளையும் சமமாகக் குறைக்காமல், எண்ணெய் மிகக் குறைவாகவும் நீர் மிக அதிகமாகவும் வரும் ஒன்றிரண்டை மட்டும் குறைத்து, புதிதாகப் பலன் காட்டத் தொடங்கிய கிணறுகளைத் தொடாமல் விடச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கிணறு எது என்று காட்டும் பதிவேடு உங்கள் கையில் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடும்.

மூழ்கு பம்பு உள்ள கிணறுகளிலும் கொள்கை ஒன்றே. மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆம்பியர் வரைபடம் நடுங்கினால் வாயு, படிப்படியாக இறங்கினால் திரவம் வற்றுகிறது. நின்ற பம்பை உடனே தொடக்கிவிடக் கூடாது: டியூபிங்கிலுள்ள திரவம் கீழே வடியும்போது பம்பு பின்னோக்கிச் சுழலும், அந்த வேளையில் மின்சாரம் கொடுத்தால் தண்டு முறியும். திரும்பச் சுழல்வது நிற்கும்வரை பொறுக்க வேண்டும்.

உட்செலுத்தும் கிணறும் உங்கள் பொறுப்புதான்

உற்பத்திக் கிணற்றைப் பார்ப்பவர் வேறு, உட்செலுத்தும் கிணற்றைப் பார்ப்பவர் வேறு என்று பல வயல்களில் பிரித்திருக்கிறார்கள். இது எனக்கு ஒருபோதும் உடன்பாடானதில்லை, ஏனென்றால் அனந்தனார் சானலின் மதகைத் திறப்பவரும் கடைவரம்பில் நீரை எதிர்பார்ப்பவரும் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாஞ்சில் நாட்டில் எவரும் சொல்வார்கள். ஒவ்வொரு நாளும் செலுத்தும் அளவையும் அழுத்தத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏறி அளவு குறைந்தால் பாறையின் முகம் அடைகிறது. அழுத்தம் மாறாமல் அளவு திடீரென்று கூடினால், பாறை வெடித்து நீர் ஒரே பிளவில் ஓடுகிறது அல்லது குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறது. சில நாட்களில் உங்கள் கிணறு ஏதோ ஒன்றில் நீர் பாய்ந்து வரும்.

வெடிக்கும் எல்லையைத் தாண்டாமல் இருக்க ஒரு கணக்கு: 3,000 அடி ஆழத்துக்கு நன்னீரின் எடையே சுமார் 1,300 பிஎஸ்ஐ. அந்தப் பாறை அடிக்கு 0.7 பிஎஸ்ஐ வரை தாங்கும் என்று சோதனையில் தெரிந்திருந்தால், எல்லை 2,100. ஆகவே குழாய் உராய்வைச் சேர்க்காமல், தரையில் 800 பிஎஸ்ஐக்குக் கீழேயே பம்பின் அழுத்தம் இருக்க வேண்டும். கூடுதலாகச் செலுத்தினால் கூடுதலாக எண்ணெய் வரும் என்ற அவசரத்தில் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் வயலைக் கெடுத்திருக்கிறார்கள்.

எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் உங்கள் ட்ரீட்டரில் எண்ணெய் சரியாகப் பிரியாவிட்டால், எண்ணெய்த் துளிகளோடு அந்த நீர் உட்செலுத்தும் கிணற்றுக்குப் போய்ப் பாறையை அடைக்கும். எண்ணெயும் நீரும் கலந்த எமல்ஷனை உடைக்கும் மருந்தைக் கணக்கோடு ஊற்றுவது அதனால்தான். காற்று கலந்தால் துரு. காற்றில்லாமல் தேங்கினால் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா. அவை பெருகினால் நீர் கறுத்து, ஹைட்ரஜன் சல்பைடு வாயு பிறக்கும். முன்பு இந்த வாயுவே இல்லாத கிணற்றிலும், நீர் செலுத்திச் சில ஆண்டுகள் ஆனபின் இது வரக்கூடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எச்சரிக்கை. நாற்றம் நின்றுவிட்டால் அதைவிடப் பெரிய எச்சரிக்கை, ஏனென்றால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டும்போது மூக்கு செத்துவிடும். மூக்குக்கு அருகே, சட்டைக் காலரில் வாயு மானிட்டர் இல்லாமல் கேசிங் வால்வையோ தொட்டி மூடியையோ திறக்காதீர்கள். ஃபில்டரில் படியும் கறுப்புப் பொடி இரும்பு சல்பைடு. உலர்ந்து காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும் என்பதால் நனைத்து வைத்தே அள்ள வேண்டும்.

ஸ்கேல் பற்றி ஒரு சொல். கடல்நீரிலுள்ள சல்பேட்டும் பாறைநீரிலுள்ள பேரியமும் கிணற்றின் அடியில் சந்தித்தால் கல்லாகப் படியும். சுண்ணாம்பு ஸ்கேலை ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைக்கும். பேரியம் சல்பேட்டை அது தொடாது. இழுத்தெடுத்த பம்பில் ஒட்டியிருக்கும் துண்டைக் கழுவிப் போட்டுவிடாமல், எந்தக் கிணறு, எந்தத் தேதி என்று எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

பதிவேடு

கிணறு ஒன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஓடிய மணி, வீச்சின் நீளம், வேகம், டியூபிங் அழுத்தம், கேசிங் அழுத்தம், கடைசியாக அளந்த திரவ மட்டம், கடைசிச் சோதனையின் எண்ணெயும் நீரும், குளோரைடு, அதைச் சுற்றியுள்ள உட்செலுத்தும் கிணறுகளின் அளவும் அழுத்தமும் அதே பக்கத்தில் இருக்கட்டும். திரவ மட்டத்தை மாதம் ஒருமுறையாவது எடுங்கள். பலன் காட்டத் தொடங்கிய கிணற்றில் வாரம் ஒருமுறை. நின்ற கிணற்றின் எதிரே நின்ற நேரத்தையும் தொடங்கிய நேரத்தையும் எழுதுவதோடு, தொடங்கியபின் நீரின் பங்கு பழைய அளவுக்குத் திரும்ப எத்தனை நாள் ஆனது என்பதையும் எழுதுங்கள். எந்தக் கிணற்றை நிறுத்தினால் அதிகம் கெடும் என்பது இரண்டு ஆண்டுகளில் அந்தப் பத்தியிலிருந்தே தெரிந்துவிடும். மின்சாரம் குறைந்து எதையாவது நிறுத்தியே தீர வேண்டிய இரவில், எந்த ஸ்விட்சில் கை வைப்பது என்று அப்போது யோசிக்க வேண்டியிருக்காது.

பழுது பார்க்கும்போது மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிட்டு, பிரேக் போட்டு, எதிர்ச்சுமையைச் சங்கிலியால் கட்டிய பின்னரே பீமின் கீழே போங்கள். பிரேக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பெல்ட் ஒன்றே ஒன்றை மாற்றப் போகிறேன், ஐந்து நிமிட வேலைதான் என்று தோன்றினாலும் சங்கிலியைக் கட்டிவிட்டே தொடங்குங்கள்.